இரண்டு கோடுகளுக்கு நடுவில்

என் மனைவியின் நோயைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஒருத்தர் கோயிலில் வழிபாட்டுக்கு எழுதிக் கொடுப்பார், ஒருத்தர் பள்ளிவாசலுக்குப் போய் வருவார், ஒருத்தர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். எனக்குக் கைவந்தது இது ஒன்றுதான். வேறு எதையாவது செய்யத் தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

என் தொழிலுக்குப் பெயர் சிஸ்டம் டைனமிக்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்கள் மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாய் வழியாக உள்ளே வருவது வரத்து. நாங்கள் குளித்துத் துவைத்துச் செலவழிப்பது போக்கு. தொட்டியில் கிடப்பது இருப்பு. மட்டம் இறங்கியது தெரிந்து மோட்டார் போடுவதற்கும் தொட்டி நிறைவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் பிடிக்கும், அது தாமதம். தண்ணீர் குறைந்தால் கையை அடக்கிச் செலவு செய்கிறோம், அதனால் மட்டம் கொஞ்சம் பிழைக்கிறது. இப்படி ஒன்று இன்னொன்றைத் தொட்டு, அது திரும்பி வந்து இதையே தொட்டால் அது சுழல். அவ்வளவுதான் சங்கதி. இவற்றைப் படமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதி ஓட்டினால், வரப்போகும் மாதங்கள் ஒரு கோடாகத் திரையில் ஓடும். மிளகுக் கோடவுன்களுக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கும் வெகுகாலம் இதைச் செய்து கொடுத்தேன். பிறகு எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் சொல்லிக் கொடுத்தேன். புற்றுநோயையும் அதன் மருந்துகளையும் இதேபோல வரைகிறவர்கள் உலகத்தில் உண்டு என்பது எனக்கு ஒரு செய்தியாகத்தான் தெரிந்திருந்தது. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அந்தக் கட்டுரைகளைத் தேடி உட்கார்ந்து படித்தேன்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஓவரியில் தொடங்கியது. ஆபரேஷன் ஆயிற்று, கீமோ ஆயிற்று, ஒரு வருடம் போல எல்லாரும் மூச்சுவிட்டோம், திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கு இரண்டாவது மருந்து. அதற்காகச் சுள்ளிக்கல், தோப்பும்படி, வைட்டிலா என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரும்பும்போது அவள் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருப்பாள். நான் முன்னால் டிரைவரோடு பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த மாதங்களில்தான் மாடல் வரைய ஆரம்பித்தேன்.

முதல் நாளே சாப்பாட்டு மேஜைக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு பெட்டி வரைந்து அதற்குள் ‘கட்டி’ என்று எழுதியிருந்தேன். உள்ளே போக ஒரு அம்பு, வெளியே வர ஒரு அம்பு.

“என்னையும் குருமுளகு கோடவுன் ஆக்கியாச்சா?” என்றாள்.

“கோடவுன்ல சரக்கு வெளியே போனா எல்லாருக்கும் சந்தோஷம். இங்கேயும் அதேதான்.”

“பின்னே சீக்கிரம் லோடு ஏத்தி அனுப்புங்க. எனக்கு உட்கார முடியல்லே.”

அவளோடு பேசி நான் ஜெயித்ததில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் அப்படித்தான்.

மருந்து கட்டியை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை. எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. அடிபட்ட மஜ்ஜையிலிருந்து புது வெள்ளணுக்கள் ரத்தத்துக்கு வந்து சேர நாளாகும். அதனால் மருந்து ஏறிய மறுநாள் அவள் ஓரளவு தெம்பாகவே இருப்பாள். அன்றைக்குப் பார்த்து உறவுக்காரர்கள் ஆரஞ்சுப் பையோடு வந்து, “ஆள் நன்னாத்தானே இருக்கா” என்று திருப்தியாகச் சாயா குடித்துவிட்டுப் போவார்கள். அவள் சுருண்டு விழுவது அதற்கு அடுத்த வாரம். அப்போது வாயெல்லாம் புண், எழுந்து நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும், யாராவது தும்மினால்கூட எனக்குத் திக்கென்று இருக்கும். டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார்தான். ஆனால் நான் இரண்டாவதாக ஒரு பெட்டி போட்டு, ‘வெள்ளணு’ என்று எழுதி, தாமதத்தையும் சேர்த்து ஓட்டியபோது கோடு சறுக்கி, அடியில் கிடந்து, மெல்ல ஏறியது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது சரி. இந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வாரத்துக்குப் பள்ளம் என்றே பெயர். ஃபோனில் யாராவது வருகிறேன் என்றால், “அடுத்த வாரம் வேண்டாம், பள்ளம்” என்பாள். கேட்டவர்களுக்குப் புரியாது, தெரு வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். என் தொழிலால் அவளுக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒரு உபகாரம்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மற்றபடி உபகாரம் செய்ய வந்தவர்கள் கூட்டம் தாங்கவில்லை. முள்ளாத்தா, அதாவது முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரே செய்தி வாட்ஸாப்பில் சுற்றிச் சுற்றி வந்தது. சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து என்றார்கள். போராடி ஜெயிக்க வேண்டும் என்று ஒருத்தர் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாந்தி எடுக்கப் பாத்திரம் பிடிக்கிற வீட்டில் வந்து நின்று யாரை யாரோடு போராடச் சொல்கிறார்? நான் வாசலுக்குப் போய் அவர் செருப்பை எடுத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அவருக்கு அது புரியவில்லை, இன்னொரு சாயா குடித்தார்.

இரண்டாவது மருந்து கேட்டது. கேட்டது என்றால் கட்டி கரைந்துவிடவில்லை, வளரவுமில்லை. கட்டியின் அளவைச் சுமாராகக் காட்டிக்கொடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, மார்க்கர் என்பார்கள். மாதா மாதம் அது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. என் திரையிலும் கட்டியின் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் மட்டமாக ஓடியது. வரத்தும் போக்கும் சமம். இப்படி ஒரு கோட்டுக்காகக் கோடவுன்காரர்கள் தவமிருப்பார்கள். நான் அதற்கு விளக்கமும் எழுதினேன்: புதிதாகப் பிறக்கும் செல்கள் எத்தனையோ அத்தனையை மருந்து கொன்றுவிடுகிறது, இப்படியே வைத்துக்கொண்டால் இப்படியே இருக்கும்.

இது எங்களைப் போன்ற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு யாராக இருந்தாலும் மார்க்கர் ஏறாததைப் பார்த்துச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே இருந்திருப்பார்கள். என்னிடம் சமன்பாடு இருந்ததால் நான் பயத்தை விட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் “ஸ்டெடி” என்றேன். மஸ்கட்டிலிருந்து மகள், கோடை விடுமுறைக்கு வரட்டுமா என்று கேட்டாள். இப்போது என்ன அவசரம், ஓணத்துக்கு நிதானமாக வா, அதற்குள் அம்மா இன்னும் தேறியிருப்பாள் என்றேன். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் மார்க்கர் ஏறியது. அடுத்த முறை இன்னும் ஏறியது. ஸ்கேனிலும் தெரிந்தது. டாக்டர் எங்கள் மகள் வயதுதான் இருப்பார். எந்நேரமும் தூக்கம் போதாத கண்கள். மலையாளத்தில் மெதுவாகத்தான் பேசுவார்.

“சேச்சி, இந்த மருந்துக்கு இனி அது அடங்காது” என்றார்.

“எங்க சார் ஸ்டெடின்னு சொன்னாரே” என்றாள் அவள், என்னைக் காட்டி. கேலிதான். டாக்டர் சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ‘கட்டி’ என்று ஒரே பெட்டி. என் மாணவன் எவனாவது கோடவுனில் நல்ல சரக்கையும் பூஞ்சை பிடித்ததையும் ஒரே இருப்பாகக் காட்டியிருந்தால் தாளைத் திருப்பி வீசியிருப்பேன். பெட்டியை இரண்டாகப் பிரித்தேன்: மருந்துக்கு அடங்குகிற செல்கள், அடங்காதவை. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ரத்தத்தைக் குடித்து வளர்கின்றன. அடங்குகிறவற்றை மருந்து கொல்லக் கொல்ல, அடங்காதவற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஒன்று இறங்க, மற்றது ஏற, கூட்டினால் அதே மொத்தம். எங்கள் தெருவிலும் ஆள் குறையவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்து போய், வீடுகளெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. தலையை மட்டும் எண்ணினால் தெரு அப்படியே இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஓட்டிப் பார்த்தேன். கோடு மாதக்கணக்கில் மட்டமாக ஓடி, மார்க்கர் ஏறிய இடத்துக்கு அருகிலேயே தலையைத் தூக்கியது. கச்சிதமாகப் பொருந்தியது. வேறு சமயமாக இருந்தால் இதற்குக் கை கொடுப்பார்கள்.

அவளிடம் மறைக்கவில்லை. சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இது நான் எட்டாம் கிளாஸ்ல சொல்றது அல்லே? வருஷ மழை ஒண்ணுதான், ஆனா எந்த மாசம் பெஞ்சுதுன்னு பாருங்கன்னு? ஆவரேஜை வெச்சுக்கிட்டு வெள்ளத்தைக் கண்டுபிடிக்க முடியுமோ?” என்றாள். பிறகு, “மகளை வரச் சொல்லுங்க. ஓணம் வரை காத்திருக்க வேண்டாம்” என்றாள்.

மூன்றாவது ஒரு மருந்து இருந்தது. டாக்டர் அதைப் பற்றி எதையும் மென்று விழுங்காமல் சொன்னார். சிலருக்குக் கேட்கும், சேச்சிக்குக் கேட்குமா என்று சொல்ல முடியாது, உடம்பைப் படுத்துவது முன்னைவிடக் கூடுதல். வேண்டாமென்றால் வலிக்கும் மூச்சுக்கும் பார்த்துக்கொள்ளலாம், பாலியேட்டிவ்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள். “ஆலோசிச்சுட்டு விளிச்சா மதி”, யோசித்துவிட்டுக் கூப்பிட்டால் போதும் என்று தன் நம்பரைக் கொடுத்தார். வருவதற்கு டிக்கெட் போட்டிருந்த மகள் ஃபோனில் அழுதாள். எடுத்துக்கச் சொல்லுங்கப்பா, எப்படியாவது எடுத்துக்கச் சொல்லுங்க என்றாள். நான் சரி, சரி என்றேன். எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் நான் களைத்துப் போயிருந்தேன். டிபன் பாக்ஸ், மாத்திரை, துவைக்கிற துணி, வைட்டிலா சிக்னல், ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் சேர்ந்து என்னைப் பிழிந்து எடுத்திருந்தன. சில நாள் இது முடிந்தால் தேவலை என்று தோன்றும். தோன்றிய உடனே உடம்பு கூசும். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். முடியவும் வேண்டும், முடியவும் கூடாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே மத்தியானத்தில் இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம், சாயா குடித்து முடித்த கையோடு, “ரெண்டையும் ஓட்டுங்க” என்றாள்.

“எதை?”

“மருந்து எடுத்தா ஒண்ணு, எடுக்கல்லேன்னா ஒண்ணு. எனக்கு முன்னாலே ஓட்டுங்க.”

மாடல் ஒரு ஆளுடைய ஆயுளைச் சொல்கிற ஜோசியம் இல்லை, முன்னே பின்னே ஆகும், நான் போட்ட எண்களில் பாதி யார் யாரோ நோயாளிகளிடமிருந்து எடுத்த சராசரி என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புது மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு எண் போட வேண்டும். கட்டுரைக்குக் கட்டுரை அது மாறும். நான் ஒன்றைப் போட்டேன்.

“இது எங்கேருந்து எடுத்தது?”

“ஒரு கட்டுரையிலே இருக்கு.”

“எல்லாத்திலேயும் இதுதானா?”

“இல்லே. ரொம்ப நல்லா வேலை செஞ்சவங்களோட நம்பர்.”

“நடுவிலே உள்ளதைப் போடுங்க” என்றாள். பரீட்சைத் தாளில் கூடுதல் மார்க் கேட்டு வந்த பையனிடம் பேசுகிற அதே குரல். நான் அழித்துவிட்டு நடுவில் உள்ளதைப் போட்டேன்.

இரண்டு கோடுகள் ஓடின. மருந்து இல்லாமல் சிவப்பு, மருந்தோடு நீலம். இரண்டும் மேலே போய் ஒரு புள்ளிக்கோட்டைத் தொட வேண்டும். அந்தப் புள்ளிக்கோடு என்ன என்று நான் எழுதி வைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சிவப்பு முதலில் தொட்டது. நீலம் கொஞ்சம் தள்ளித் தொட்டது. நடுவில் சில வாரங்கள் இருந்தன. நான் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் இருந்தன.

அவள் அச்சுகளைப் படித்தாள், கீழே என்ன, பக்கத்தில் என்ன என்று. வாழ்நாள் எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதானே. பிறகு, “பள்ளத்தையும் இதிலேயே போடுங்க” என்றாள்.

வெள்ளணுக் கோட்டை அதே படத்தில் கொண்டுவந்தேன். நீலக் கோட்டுக்கு அடியில் பள்ளத்துக்குப் பின் பள்ளம். முந்தையதிலிருந்து ஏறி முடிப்பதற்குள் அடுத்தது. கூடுதலாகக் கிடைத்த அந்தச் சில வாரங்களை வாங்க, அதற்கு முன்பிருந்த வாரங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சிவப்பின் அடியில் பெரும்பகுதி சமதரையாக இருந்தது.

வெளியே யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நடுவிலே இருக்கே, இந்த இடம்” என்று திரையில் விரலை வைத்தாள். மருந்தால் நகம் கறுத்த விரல். “இது யாருக்கு? எனக்கா?”

உனக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. மகளுக்கு என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யாகாது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு” என்றேன். “எனக்குத்தான் வேணும். நீ படுத்திருந்தாலும் போதும், வீட்டிலே இருந்தா போதும்.”

நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. அவள் அழவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

“அப்படீன்னா எடுத்துக்கறேன்.”

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. வேண்டாம் என்பாள், நான் கெஞ்சுவேன், கடைசியில் அவள் சொல்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தானே. அவள் கொடுத்துவிட்டாள். அத்தனை பள்ளங்களையும் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று தெரிந்தே கொடுத்துவிட்டாள். எனக்கு அந்த வாரங்கள் வேண்டும். இதை எழுதும் இந்த நிமிஷமும் வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீலக் கோடு என்னுடையது.

“வேண்டாம்” என்றேன். “மதி.”

அவள் என் முழங்கையை விடவில்லை. “யோசிச்சுச் சொல்லுங்க. பின்னே வருத்தப்படக் கூடாது.”

“வருத்தப்படுவேன்” என்றேன். “ஆனாலும் வேண்டாம்.”

மறுநாள் காலை டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அவர் எங்கோ நடந்துகொண்டே பேசினார், பின்னால் டிராலிச் சத்தம் கேட்டது. மருந்து வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம் என்றேன். அவர் நின்றுவிட்டார் என்று தெரிந்தது.

“சேச்சியோட தீர்மானம்தானே?” என்று கேட்டார். கேட்க வேண்டியது அவர் கடமை.

“இல்லை” என்றேன். “அவள் எடுத்துக்கறேன்னுதான் சொன்னாள். எனக்காக. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

அவளிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும், ஃபோனைக் கொடுங்கள் என்றார். நான் உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.